ஜோதியம்மாளுக்கு எடுக்காத டிக்கெட்

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் சன்மதிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவள் எழுதி வைக்கும் குறிப்பில் மேலதிகாரிகள் ஒரு வார்த்தை மாற்றுவது அபூர்வம். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கணவர் ஜீவகுமார் பள்ளி ஆசிரியர். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டால் சன்மதி சாப்பிட மாட்டாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொட மாட்டாள். அலுவலக வாசற்படியில் எறும்புச் சாரி போனால் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவாள். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். போன வருடம் செப்டம்பர் வரைக்கும் அந்தப் பெயரை அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுக்கு உள்ளூர ஒரு குறை உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் அலுவலகப் பெண்கள் எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனார்கள். திரும்பி வரும்போது இவளுக்காக ஐந்தரை மணிக்கே சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஓட்டலில் வெங்காயம் போடாமல் ஒன்றும் இல்லை. வேறு ஓட்டல் தேடினார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை அவர்கள் வெளியூர் போனதை சன்மதி போனில் வந்த படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த அலுவலகத்தில் அவளுடைய சாப்பாட்டு நேரத்தை ஞாபகம் வைத்திருந்தது ஜோதியம்மாள் ஒருத்திதான். கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டு வைப்பது, டீ வாங்கி வருவது, பதிவறையைப் பூட்டித் திறப்பது அவள் வேலை. ஐம்பத்தொன்பது வயது. வலது முழங்கால் மடங்காது. கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. மகன் புகழேந்தி ஆட்டோ ஓட்டுகிறான். வேலை அதிகமாகி சன்மதி சாயங்காலம் உட்கார்ந்திருக்கும் நாட்களில், "மேடம், வெளிச்சம் போகுதுங்க, டப்பாவ தொறங்க" என்று வந்து நிற்பாள். கொஞ்சம் உரக்கப் பேசுவாள், ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். மேசை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிடம் ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவது அவளுடைய அன்றாட வழக்கம்.

போன ஜூலையில் ஒருநாள் ஜோதியம்மாள் தன் போனை நீட்டினாள். யாரோ அனுப்பிய வீடியோ. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரயில் மலைக் குகைக்குள் நுழைந்து பச்சைப் பள்ளத்தின் மேல் வெளியே வந்தது.

"இதுல ஒரு தரம் போவணும்ங்க மேடம். நான் இன்னும் ரயிலே ஏறனதில்ல. கேட்டுல நின்னு பாத்ததோட சரி" என்றாள்.

சன்மதி தேடிப் பார்த்தாள். விழுப்புரத்தில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் விடியற்காலை மலை, காலையில் கொல்லம். அங்கிருந்து ஏரி வழியாகவும் கால்வாய் வழியாகவும் ஆலப்புழைக்கு நாள் முழுக்கப் படகு. நாலைந்து மதியம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே இதையே பேசினார்கள். பள்ளிக்கூடக் காலாண்டு விடுமுறையில் போகலாம் என்று முடிவானது. ஜோதியம்மாள் டிக்கெட்டுக்காகத் தன் ஆதார் அட்டையைப் படம் எடுத்து சன்மதியின் போனுக்கு அனுப்பிவிட்டாள். பேச்சு மற்றவர்கள் காதில் விழுந்து, கண்காணிப்பாளர் ரேவதியும் தட்டச்சர் அன்புச்செல்வியும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். ரேவதி மேடம் தானாகவே சன்மதியின் மேசைக்கு வந்து, "எங்களையும் சேத்துக்கோயேன்" என்று கேட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து, ஜோதியம்மாள் வெளியே போயிருந்த நேரத்தில், ரேவதி சன்மதியைக் கூப்பிட்டாள்.

"சன்மதி, தப்பா நெனைக்காத. அந்தம்மாவுக்கு முட்டி சரியில்ல. படகுல ஏத்தி எறக்கணும், பாத்ரூமுக்குக் கைய புடிச்சி கூட்டினு போவணும். வாயும் ஓயாது. எங்க மாமியார நாலு வருஷம் படுக்கையில வெச்சிப் பாத்தவ நான். ரெண்டு நாளாவது யாரையும் தாங்காம இருக்கணும்னு ஆசப்படறேன். நீதான டிக்கெட் போடற. கெடைக்கலனு சொல்லிடு."

இது ஜோதியம்மாளின் யோசனை, அவள் இல்லாமல் எப்படி என்று சன்மதியின் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே மாமல்லபுரத்து வேனும் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே தன் சாப்பாடு ஒரு தொந்தரவு; இன்னொரு தொந்தரவையும் கூட்டிக்கொண்டு வருபவளை அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்? "சரிங்க மேடம்" என்றாள். அன்று வீட்டுக்குப் போய் மூன்று டிக்கெட் எடுத்தாள்.

மறுநாள் ஜோதியம்மாள் கேட்டபோது, "மூணு பேருக்குக் கெடைச்சிது. உங்களுது வெயிட்டிங் லிஸ்டுல இருக்கு" என்று சொன்னாள். கிடைக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல நா வரவில்லை. அந்த நேரத்துக்கு அது கொஞ்சம் இரக்கமான பொய்யாகக்கூட அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஜோதியம்மாளுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றால் வரிசை. வரிசை என்றால் நகரும். தினமும் காலையில் வந்து கேட்பாள், நகர்ந்ததா என்று. சன்மதி ஒருநாள் பன்னிரண்டு என்றாள். அடுத்த வாரம் எட்டு என்றாள். நம்பர் அப்படியே நின்றால் சந்தேகம் வருமே என்று பிறகு நாலு என்றாள். இல்லாத டிக்கெட்டுக்கு அவள் வாயில் நம்பர் குறையக் குறைய, ஜோதியம்மாள் வாட்ச்மேனிடமும் டீக்கடையிலும் சொல்லி வைத்தாள். தங்கை மணியம்மாளிடம் ஒரு தோள்பை இரவல் வாங்கினாள். மருந்துக்கடையில் முழங்காலுக்கு உறை வாங்கிப் போட்டு, அலுவலகப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகினாள். சன்மதி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அன்று மதியம் போனைத் திறந்து தேடினாள். அதே ரயிலில் இன்னும் இடம் இருந்தது. ஜோதியம்மாள் பெயரைப் பாதி அடித்தும்விட்டாள். ஆலப்புழையில் ரேவதி மேடம் மூன்று கட்டில் அறை சொல்லி வைத்தது ஞாபகம் வந்து, அடித்ததை அழித்தாள்.

அதற்கிடையில் சமணர்களின் பத்து நாள் தசலட்சண நோன்பு முடிந்தது. அந்த நாளில் ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பது அவள் வீட்டு வழக்கம். அறிந்தும் அறியாமலும் செய்த தவறுகளைப் பொறுத்தருளுங்கள் என்ற செய்தியை வருடா வருடம் போல எல்லாருக்கும் அனுப்பினாள். ஜோதியம்மாளுக்கும் போனது. மறுநாள் அவள் டீயை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க எனக்கு இன்னாங்க மேடம் பண்ணீங்க, என்னாண்ட போயி மன்னிப்பு கேக்கறீங்க?" சன்மதி டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், டிக்கெட் உறுதியாகவில்லை என்று சொன்னாள். ஜோதியம்மாள், பரவாயில்லை, நீங்களாவது நல்லபடியாகப் போய்வாருங்கள், வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றாள்.

மறுநாள் மதியம் விழுப்புரம் பஸ் கிளம்பும் நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். மகன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தான். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "பொடி தடவின இட்லிங்க மேடம். பூண்டு போடல. விழுப்புரத்துல வெளிச்சம் இருக்கும்போதே துன்னுடுங்க."

விழுப்புரம் நடைமேடையில், பொழுது சாய்வதற்குள் சன்மதி அதைச் சாப்பிட்டாள். ஆறு இட்லி. பாதியில் நிறுத்திவிடலாம் என்று இருந்தது. மீதியை எறிவது அதைவிடப் பாவமாகப் பட்டது.

ரயிலில் அவர்கள் பகுதியில் ஒரு கீழ்ப்படுக்கை காலியாக இருந்தது. அடுத்த ஊரில் யாராவது ஏறுவார்கள் என்று நினைத்தார்கள். யாரும் ஏறவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்து, இதில் யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள் அன்புச்செல்வி. அவர் தன் கருவியைப் பார்த்துவிட்டு, கொல்லம் வரைக்கும் அது காலிதான், பைகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். அவர்கள் பைகளை வைத்தார்கள். சன்மதி மேல்படுக்கைக்கு ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வண்டி ஒரு மணி நேரம் தாமதம். அதனால் செங்கோட்டையில் நன்றாக விடிந்திருந்தது. வண்டியின் வாலில் இன்னொரு எஞ்சினைக் கோத்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிட்டது. முந்தின நாள் பெய்த மழையில் பாறைகள் கறுத்து, அவற்றில் நீர் வழிந்துகொண்டிருந்தது. குகைக்குள் நுழைந்தபோது பெட்டிப் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டன. வெளியே வந்தால் வேறு நாடு மாதிரி இருந்தது. கீழே பாக்கு மரங்களின் தலை, அதற்கும் கீழே ஒரு ஓடை, மேகம் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி மெல்ல வளைந்தபோது சன்மதி ஜன்னலில் கையை ஊன்றி வீடியோ எடுத்தாள். அந்த ஐந்து நிமிடம் அவள் எல்லாவற்றையும் மறந்துதான் போனாள். புனலூரில் சிக்னல் வந்ததும் வழியில் எடுத்த மூன்று வீடியோக்களையும் ஜோதியம்மாளுக்கு அனுப்பினாள். அனுப்பியது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கொல்லத்தில் குளித்து, காப்பி குடித்து, பத்தரை மணிக்குப் படகில் ஏறினார்கள். மேல்தட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அஷ்டமுடி ஏரி கண்ணுக்கு எட்டியவரை விரிந்திருந்தது. கரையோரம் மீன்வலைகள் பெரிய சிலந்திகள் மாதிரி கால் விரித்து நின்றன. ரேவதி காலணியைக் கழற்றிவிட்டு, காலை நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வருடத்துக் களைப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிப்போனதை சன்மதி பார்த்தாள்.

ஜோதியம்மாளிடமிருந்து பதில் இல்லை. ஒரு பூ, ஒரு கும்பிடு, எதுவும் வரவில்லை. வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க சன்மதி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாலத்து வீடியோவை ஓடவிட்டாள்.

சக்கரச் சத்தத்துக்கு மேலே ரேவதியின் குரல் தெளிவாகக் கேட்டது. "நல்ல வேள, ஜோதியம்மாவ கழட்டி வுட்டோம். இருந்திருந்தா இந்நேரம் நம்ம காது போயிருக்கும்."

அன்புச்செல்வியின் குரல். "பாவம், சன்மதி அக்கா டிக்கெட்டு கெடைக்கலனு சொன்னத அப்படியே நம்பிடுச்சி."

பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. போனுக்கு மிகப் பக்கத்தில். யார் சிரித்தது என்று கண்டுபிடிக்கத் திரும்ப ஓடவிட்டாள். அது அவளுடைய சிரிப்பு.

சிரித்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. மேலதிகாரி ஏதாவது சொன்னால் சிரித்து வைக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தில் வந்த சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கேட்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வீடியோவை அழிக்கப் பார்த்தாள். மூன்றின் கீழும் நீல டிக் விழுந்திருந்தது. ஜோதியம்மாள் எட்டே முக்காலுக்கே பார்த்துவிட்டாள்.

ரேவதியிடம் சொன்னாள். ரேவதி போனை வாங்கிக் கேட்டாள், முகம் மாறியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தத்தில் அந்தம்மாவுக்குக் கேட்டிருக்காது, விடு என்றாள். அது நடக்கிற காரியம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு படகு ஆலப்புழை போய்ச் சேரும்வரை ஆறேழு மணி நேரம். கால்வாய்கள், தென்னை, துணி துவைக்கும் பெண்கள், தண்ணீரை ஒட்டிய பள்ளிக்கூடம் என்று எல்லாம் வந்து போயின. வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பொழுது சாயுமுன் அன்புச்செல்வி அக்கறையாக வாழைப்பழமும் அவலும் வாங்கி வந்து கொடுத்தாள். சன்மதிக்கு இறங்கவில்லை. எழுந்து குதித்து ஓடிவிட முடியாத இடத்தில், நாலு பக்கமும் தண்ணீருக்கு நடுவில், அந்தச் சிரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் முதல்நாள் அலுவலகம் போகக் கால் கூசியது. ஜோதியம்மாள் எப்போதும்போல டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பயணம் நல்லபடியா ஆச்சுங்களா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் அடுத்த மேசைக்குப் போனாள். மேசையில் கையை ஊன்றவில்லை. அன்று மட்டும் அல்ல, அந்த வாரம் முழுக்க ஊன்றவில்லை. இரவல் பையைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தது சன்மதியின் காதில் விழுந்தது.

ஜீவகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போகுது சன்மதி? சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, பழைய கோப்புகளைக் கட்டிப் பதிவறையில் அடுக்கும் வேலை. சன்மதியும் ஜோதியம்மாளும் மட்டும் இருந்தார்கள். ஜோதியம்மாள் கட்டைப் பிடிக்க, சன்மதி நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நாலாவது கட்டை முடித்ததும் சொன்னாள்.

"ஜோதியம்மா, உங்களுக்கு நான் டிக்கெட்டே போடல."

"தெரியுங்க."

"வீடியோவ…"

"மூணு தரம் கேட்டேன்ங்க மேடம். மொதல்ல சரியா காதுல வாங்கலயோனு ரெண்டாவது தரம் கேட்டேன். அப்புறம் பையன் கேக்கணும்னான்."

சன்மதி தன் மேல் தப்பு என்றாள். யாரையும் கைகாட்டக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள். ரேவதி பெயரை எடுக்கவில்லை. மன்னிப்பு கேட்டாள். ஜோதியம்மாள் கட்டின் மேலிருந்த தூசியைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள். குரல் உயரவில்லை.

"மேடம், நீ வராத, உன்னால முடியாதுனு சொல்லியிருந்தா அன்னிக்கு அழுதிருப்பேன். அதோட போயிருக்கும். என் முட்டி எனக்கும் தெரியும். ஆனா பன்னெண்டுனீங்க, எட்டுனீங்க, நாலுனீங்க. அந்த நம்பரு எதுக்குங்க சொன்னீங்க?"

உங்க மனசு நோகக் கூடாது என்று சொன்னேன் என்று சன்மதியால் சொல்ல முடியாது, அது பொய். தன்னைப் பற்றி யாரும் குறையாக நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. "தெரியல ஜோதியம்மா" என்றாள். பிறகு அதுவும் பொய் என்று பட்டு, "நான் கெட்டவளா தெரியக்கூடாதுனுதான்" என்றாள்.

ஜோதியம்மாள் தலையாட்டினாள். அடுத்த கட்டை எடுத்தாள். இருட்டும்வரை இரண்டு பேரும் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வேலை முடிந்து பூட்டும்போது, தைப் பொங்கலுக்குப் பிறகு நான் உங்களைக் கூட்டிப் போகிறேன், அதே ரயில், அதே படகு என்று சன்மதி சொன்னாள். ஜோதியம்மாள் சாவியை இடுப்பில் செருகினாள்.

"போவேன்ங்க மேடம். உங்க கூட வேணாம். நானும் என் தங்கச்சி மணியும் போறோம். எந்த வண்டி, எந்தப் பக்கம் உக்காந்தா மல தெரியும்னு மட்டும் எழுதிக் குடுங்க."

தீபத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்து, மார்கழி பாதியில், சன்மதி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். விழுப்புரத்தில் எந்த நடைமேடை, பெட்டி எங்கே நிற்கும், கொல்லத்தில் படகுத்துறைக்கு எப்படிப் போவது, படகில் படி எந்தப் பக்கம் அகலம். எழுதும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, ரயில் வரைக்கும் எல்லாம் தெளிவாக இருக்கிறது, படகைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று. அன்புச்செல்வியைக் கேட்டு நிரப்பினாள். டிக்கெட் எடுக்க அக்காவும் தங்கையும் ஸ்டேஷன் கவுண்டருக்கே போனார்கள். போனில் போட்டுத் தருகிறேன் என்று சன்மதி சொல்லத்தான் செய்தாள், ஜோதியம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை. படிவம் நிரப்ப மட்டும் கூட வரச் சொன்னாள். சன்மதி நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். ஜோதியம்மாள் டிக்கெட்டைக் கையில் வாங்கி, தன் பெயர் அச்சாகியிருக்கிற இடத்தை மணியம்மாளுக்குக் காட்டினாள்.

ஜனவரிக் கடைசியில் போனார்கள். அந்த மூன்று நாளும் சன்மதிக்கு நினைப்பு முழுக்க அந்த முழங்காலின் மேல்தான். ஒரு தகவலும் வரவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜோதியம்மாள் வேலைக்கு வந்தாள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலங்களை எல்லா மேசையிலும் வைத்தாள். ரேவதியின் மேசையிலும் வைத்தாள். ரேவதி எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

மதியம் கோப்போடு வராந்தாவுக்கு வந்த சன்மதி, தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஜோதியம்மாள் வாட்ச்மேனிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். படகில் ஏற இரண்டு பிள்ளைகள் கை கொடுத்ததையும், தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்றதையும், ஒரு கிழவி கரையிலிருந்து வாத்து ஓட்டிக்கொண்டு கூடவே வந்ததையும், மணியம்மாள் பயந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். வாத்தை சன்மதி பார்த்திருக்கவில்லை. இல்லை, பார்த்திருக்கலாம், அவளுக்குத் தெரியவில்லை.

"சன்மதி மேடமும் போயிட்டு வந்தாங்களே, அவங்க இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்றார் வாட்ச்மேன்.

ஜோதியம்மாள் கையை ஆட்டுவதை நிறுத்தினாள். "அவங்க போனது மழ நேரம்ங்க. எனக்கு நல்லா வெயில் அடிச்சிது" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வாத்துக் கதைக்குப் போனாள்.

சன்மதி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னும் சிறிது நேரம் கேட்டாள். பிறகு சத்தம் வராமல் நடந்து, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.